தோமையார் திருநாள் ஜூலை 3ஆ, டிசம்பர் 21ஆ?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: உங்கள் பெயர் தோமாஸ், அதாவது இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரான தோமையாரின் பெயர். தாத்தாவுக்கும் அதே பெயர். அவர் தன் நாமவிழாவை (தன் பெயர்ப் புனிதரின் திருநாளை) டிசம்பர் 21 அன்று கொண்டாடியதாக அவருடைய பழைய ஜெபப் புத்தகத்தில் குறிப்பு இருக்கிறது. உங்கள் பங்கிலோ ஜூலை 3. தம்பி பெயர் கிறிஸ்டோபர். "அவரையெல்லாம் திருச்சபையே எப்போதோ தூக்கிவிட்டதே" என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எது சரியான நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தேதியை இஷ்டத்துக்கு மாற்றலாம், பெயரை நீக்கலாம் என்றால், இந்த மனிதர்கள் உண்மையில் இருந்தார்களா என்பதுதானே கேள்வி? அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நான் வழிபாட்டியல் படித்தவன். எங்கள் பங்குக்கும் பக்கத்துப் பங்குகளுக்கும் ஆண்டுதோறும் திருவழிபாட்டு நாள்காட்டி தயாரிக்கும் வேலையில் நெடுநாளாக இருக்கிறேன். ஆகவே எந்த நாள் எங்கிருந்து வந்தது, ஏன் நகர்ந்தது என்பதைத் தெம்பாகச் சொல்ல முடியும். தொல்லியலும் சிரியாக் மொழியும் என் துறை அல்ல. அந்தப் பக்கம் வரும்போது அறிஞர்கள் ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தேதிக்கான நேரடிப் பதில். இரண்டுமே சரி, அவரவர் காலத்தில். உரோமை வழிபாட்டு முறையில் 9ஆம் நூற்றாண்டிலிருந்து, நாள்காட்டி திருத்தப்பட்ட 1969 வரை தோமையாருக்கு டிசம்பர் 21. இன்று ஜூலை 3. இந்தியாவில் அது பெருவிழாத் தரத்தில் கொண்டாடப்படுகிறது. கேரளத்தின் சிரியாக் மரபுக் கத்தோலிக்கரான சீரோ மலபார் சபையினரிடம் கேட்டால் "நாங்கள் எப்போதுமே ஜூலை 3தான், நீங்கள்தான் தாமதமாக வந்து சேர்ந்தீர்கள்" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கீழ்த்திசைச் சிரியாக் மரபின் நாள் அது. கிரேக்க மரபுத் திருச்சபைகளில் அக்டோபர் 6. 1962ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகப்படி இலத்தீனில் பூசை வைக்கும் இடங்களில் இன்றும் டிசம்பர் 21தான்.

ஒருவருக்கு மூன்று தேதி எப்படி வரும் என்று கேட்பீர்கள். திருநாள் என்பது அடிப்படையில் பிறந்த நாள் அல்ல, இறந்த நாள். நாள்காட்டியில் பிறந்த நாள் கொண்டாடப்படுவது மூவருக்குத்தான்: இயேசுவுக்கு டிசம்பர் 25, மாதாவுக்குச் செப்டம்பர் 8, ஸ்நாபக அருளப்பருக்கு (திருமுழுக்கு யோவானுக்கு) ஜூன் 24. அருளப்பருக்கு மட்டும் தலை வெட்டுண்ட நாளும் தனியே உண்டு, ஆகஸ்ட் 29. வேளாங்கண்ணியில் கொடியேறுகிற அதே நாள். மற்ற எல்லாருக்கும் அவர்கள் கண்ணை மூடிய நாளைத்தான் விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கருதி ஆதிக் கிறிஸ்தவர்கள் கொண்டாடினார்கள். 2ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரத்து ஆயர் போலிக்கார்ப் எரிக்கப்பட்டபோது, அவர் எலும்புகளை எடுத்துப் பத்திரப்படுத்தி, ஆண்டுதோறும் அங்கே கூடி அவருடைய வேதசாட்சியத்தின் (விசுவாசத்துக்காக உயிர்விட்டதன்) பிறந்த நாளைக் கொண்டாடுவோம் என்று அந்தச் சபையார் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. புனிதர் திருநாள் என்ற வழக்கத்துக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் அது ஒன்று. இருக்கிற உடல், தெரிந்த நாள், கூடுகிற மக்கள்: இந்த மூன்றும் சேர்ந்தால் திருநாள்.

உரோமையில் இது எப்படி நடந்தது என்பதற்கு 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் ஒரு பட்டியல் இருக்கிறது. வேதசாட்சிகள் அடக்கம் செய்யப்பட்ட நாள்களின் பட்டியல். அதில் கதை கிடையாது, புகழ்ச்சி கிடையாது. நாள், பெயர், இடம். அவ்வளவுதான். ஜனவரி 20: ஃபாபியான், கலிஸ்துவின் கல்லறைத் தோட்டத்தில், செபஸ்தியார், 'கதகும்பாஸ்' என்ற இடத்தில். ஜனவரி 21: ஆக்னஸ், நொமெந்தானா சாலையில். ஆகஸ்ட் 10: லவுரெந்தியார், திபுர்த்தினா சாலையில். பூ வைக்கப் போகிறவருக்கு வழி சொல்கிற சீட்டுப் போலத்தான் இருக்கும். நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு செபஸ்தியார் கெபி இருக்கிறதே, அந்தச் செபஸ்தியாரின் ஜனவரி 20 இப்படி 354இலேயே எழுத்தில் ஏறிவிட்ட நாள். ஆனால் அவரை மரத்தில் கட்டி அம்பெய்த கதை அந்தப் பட்டியலில் இல்லை. அது 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாற்றில்தான் வருகிறது. அம்பு உண்மையா என்று கேட்டால் வரலாற்று ஆய்வாளர் கையை விரிப்பார். அப்படி ஒருவர் வேதசாட்சியாகச் செத்தாரா, அப்பியா சாலையோரத்தில் புதைக்கப்பட்டாரா, ஜனவரி 20 அன்று மக்கள் அங்கே கூடினார்களா என்று கேட்டால் ஆம் என்று தயங்காமல் சொல்வார்.

இதற்கு நேர் எதிரானவர் நம் சந்தியாகப்பர், அதாவது செபதேயுவின் மகன் யாகப்பர். அவர் இறந்த செய்தி விவிலியத்திலேயே இருக்கிறது. திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தில், ஏரோது அரசன் அவரை வாளால் கொன்றான், அது புளிப்பற்ற அப்ப விழாக் காலம் என்று வருகிறது. அந்த ஏரோது முதலாம் அக்ரிப்பா. அவன் இறந்தது 44இல். ஆகவே பன்னிரு திருத்தூதர்களில் வேறு யாருடைய இறப்புக்கும் இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. புளிப்பற்ற அப்ப விழா பாஸ்காவையொட்டி, மார்ச்-ஏப்ரலில் வருவது. ஆனால் நாம் சந்தியாகப்பர் திருநாளை ஜூலை 25 அன்று கொண்டாடுகிறோம். இராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் கோவிலில் கூட்டம் கூடுவதும் ஜூலையில்தான். மரணம் உறுதி, நாள் வேறு.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செபஸ்தியாரிடம் நாள் பலமானது, கதை பலவீனமானது. சந்தியாகப்பரிடம் சம்பவம் பலமானது, நாள்தான் அவருடைய சொந்த நாள் அல்ல. உங்கள் நண்பர் செய்கிற தவறு, இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்று ஆட்டம் கண்டால் மற்றதும் போச்சு என்று நினைப்பது. திருநாள் தேதி சொல்வது பெரும்பாலும் புனிதரின் வாழ்க்கையைப் பற்றி அல்ல. மக்கள் அவரை எங்கே, எப்போது, எதை முன்னிட்டு வணங்கத் தொடங்கினார்கள் என்பதைப் பற்றி.

இனி தோமையாரிடம் வருவோம். 4ஆம் நூற்றாண்டில் எதேசா நகரில் (இன்றைய துருக்கியின் உர்ஃபா) தோமையாரின் கல்லறை இருந்தது. யாத்ரீகர்கள் அங்கே போனார்கள். அதே நூற்றாண்டில் வாழ்ந்த புனித எப்ரேம், அந்த எலும்புகள் இந்தியாவிலிருந்து ஒரு வணிகரால் கொண்டுவரப்பட்டவை என்று பாடியிருக்கிறார். அதற்கும் முந்தி, 3ஆம் நூற்றாண்டுச் சிரியாக் நூல் ஒன்று, தோமையார் இந்தியாவில் கொல்லப்பட்டார், பின்னர் எலும்புகள் மேற்கே எடுத்துச் செல்லப்பட்டன என்கிறது. அந்த நூலில் கற்பனை ஏராளம். ஆனால் அதில் வரும் குந்தபார் என்ற அரசன் மட்டும் கற்பனை அல்ல. அவன் பெயர் பொறித்த நாணயங்கள் வடமேற்கு இந்தியப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. இவ்வளவும் கெட்டியான தரை. எரோணிமுஸ் பெயரில் வழங்கும் பழைய மறைசாட்சியர் ஏடு (வேதசாட்சிகள், புனிதர்களின் நாள்வாரிப் பெயர்ப்பட்டியல்), எலும்புகள் எதேசாவுக்குப் போன நாளாக ஜூலை 3ஐக் குறிக்கிறது. அதாவது ஜூலை 3 அவர் இறந்த நாளாக அல்ல, அவருடைய திருப்பண்டங்கள் ஊர் வந்து சேர்ந்த நாளாக நாள்காட்டியில் ஏறியது. பின்னால் அந்த எலும்புகள் எதேசாவிலிருந்தும் கிளம்பி, கீயோஸ் தீவு வழியாக 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்குப் போய்ச் சேர்ந்தன.

பரங்கிமலையில் 72ஆம் ஆண்டில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது நம்முடைய மரபு. அதை நான் மதிக்கிறேன். மயிலாப்பூர்க் கல்லறையில் மண்டியிட்டு எழுந்தவன்தான் நானும். ஆனால் மரபு என்று சொல்வதற்கும் ஆவணம் என்று சொல்வதற்கும் இடைவெளி இருக்கிறது. 72 என்ற எண்ணுக்குச் சமகால எழுத்துச் சான்று கிடையாது. இந்தியாவுக்கு வந்தார் என்பதற்குப் பழைமையான, தொடர்ச்சியான நம்பிக்கைச் சங்கிலி இருக்கிறது. இன்ன ஆண்டு, இன்ன நாள், இன்ன பாறை என்பதெல்லாம் அந்தச் சங்கிலியில் பிற்காலத்தில் கோத்த மணிகள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. நம்பிக்கைக் கொண்டாட்டத்துக்கு இதனால் ஒரு குறையும் வராது என்பதே என் எண்ணம்.

அப்படியானால் 1969இல் டிசம்பர் 21ஐ ஏன் விட்டார்கள்? தோமையாரிடம் குறை கண்டு அல்ல, டிசம்பரில் இடநெருக்கடி. திருவருகைக்காலத்தின் கடைசி நாள்களான டிசம்பர் 17 முதல் 24 வரை கிறிஸ்து பிறப்புக்கு நேரடியாக ஆயத்தம் செய்கிற நாள்கள். அன்றன்றைக்குத் தனி வாசகம், தனி மன்றாட்டு உண்டு. அதற்குள் ஒரு திருத்தூதர் விழாவை நுழைத்தால் தொடர் அறுந்துபோகும். நகர்த்துவது என்று முடிவானதும், ஏதோ ஒரு காலி நாளைத் தேடாமல், கீழ்த்திசைச் சபைகள் ஏற்கெனவே வைத்திருந்த ஜூலை 3ஐ எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் இலத்தீன் முறையினரும் சீரோ மலபார் முறையினரும் ஒரே நாளில் தோமையாரைக் கொண்டாடும்படி ஆனது இதனால் கிடைத்த நல்ல பலன்.

பாஸ்காவுக்கு முந்திய தவக்காலமும் இதே வேலையைச் செய்யும். பெரிய கிரகோரியார் 604இல் மார்ச் 12 அன்று இறந்தார். அந்தத் தேதி ஏறக்குறைய எப்போதும் தவக்காலத்தில் மாட்டிக்கொள்ளும். ஆகவே இப்போது அவருக்குச் செப்டம்பர் 3. 590இல் அவர் திருத்தந்தையாகத் திருநிலைப்படுத்தப்பட்ட நாள். ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) மார்ச் 21இலிருந்து ஜூலை 11க்குப் போனார். தோமாஸ் அக்வினாஸ் மார்ச் 7இலிருந்து ஜனவரி 28க்குப் போனார். 1369இல் அவர் எலும்புகள் துலூஸ் நகருக்கு வந்து சேர்ந்த நாள் அது. (உங்கள் பெயருக்கு இவரும் ஒரு பாதுகாவலர்தான், வேண்டுமானால் ஜனவரியிலும் கேக் வெட்டலாம்.) திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2005 ஏப்ரல் 2 அன்று இறந்தார். அந்த நாள் தவக்காலத்திலோ பாஸ்கா வாரத்திலோ அடிக்கடி விழும் என்பதால், அவர் 1978இல் பணியைத் தொடங்கிய அக்டோபர் 22 தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலையான பெருவிழாக்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2024இல் மார்ச் 25 புனித வாரத்துத் திங்களாக அமைந்தது. அன்றைக்குரிய மங்கள வார்த்தைத் திருநாள் ஏப்ரல் 8க்குத் தள்ளிப்போனது. 2008இல் சூசையப்பர் திருநாள் மார்ச் 19 புனித வாரத்துப் புதன். அதை முன்னே இழுத்து மார்ச் 15இல் வைத்தார்கள். அந்த மாதிரி ஆண்டுகளில் நாள்காட்டி போடுகிறவர்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுதலாம். "சாமி, சூசையப்பரைக் காணோமே!"

சில சமயம் ஒருவர் இறந்த நாளில் ஏற்கெனவே பெரிய விழா உட்கார்ந்திருக்கும். சாமிநாதர் (டோமினிக்) 1221 ஆகஸ்ட் 6 அன்று இறந்தார். அது ஆண்டவர் உருமாறிய திருநாள். அதனால் 1969க்கு முன்பு அவருக்கு ஆகஸ்ட் 4. ஆர்ஸ் பங்குக்குரு வியான்னி உண்மையிலேயே ஆகஸ்ட் 4 அன்று, 1859இல் இறந்தவர். அவருக்கோ ஆகஸ்ட் 8 ஒதுக்கப்பட்டிருந்தது. 1969இல் இருவரையும் இடம் மாற்றினார்கள். வியான்னிக்கு அவருடைய சொந்த நாள் கிடைத்தது, சாமிநாதர் 8ஆம் தேதிக்கு வந்தார். உங்கள் தாத்தாவின் புத்தகத்தைத் திறந்து ஆகஸ்ட் மாதத்தைப் பாருங்கள். சாமிநாதர் 4, வியான்னி 8 என்று இருந்தால் அது பழைய நாள்காட்டியைப் பின்பற்றும் புத்தகம் என்று முடிவு கட்டிவிடலாம். பழைய ஜெபப் புத்தகங்களில் அச்சிட்ட ஆண்டு கிழிந்து போயிருந்தால் நான் பார்ப்பது இதைத்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த தேதி அவிலா தெரேசம்மாளுடையது. அவர் இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு. திருநாளோ அக்டோபர் 15. பதினொரு நாள் ஏன் தாமதம் என்று கேட்டால், தாமதமே இல்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் பஞ்சாங்கத்தைத் திருத்தியது அதே இரவில்தான் ஸ்பெயினில் நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆகிவிட்டது, நடுவில் பத்து நாள் உலகத்திலேயே இல்லை. அக்டோபர் 4 ஏற்கெனவே அசிசி பிரான்சிசுக்கு உரியது என்பதால் இவர் மறுநாளுக்குப் போனார். அந்த மறுநாள்தான் 15. ஆனால் அதற்கு முந்திய தேதிகளை யாரும் திருப்பிக் கணக்குப் போடவில்லை. சவேரியார் சீனக் கரையோரத் தீவில் இறந்தது 1552 டிசம்பர் 3, பழைய கணக்கில். புதிய கணக்குக்கு மாற்றினால் அது டிசம்பர் 13. கோட்டாற்றுத் திருவிழாவைப் பத்து நாள் தள்ளி வைக்கச் சொல்லி இதுவரை யாரும் கிளம்பவில்லை!

நம் மண்ணில் இறந்த பிற்காலப் புனிதர்களிடம் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டது 1693 பிப்ரவரி 4, திருநாளும் அதுவே. தேவசகாயம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டது 1752 ஜனவரி 14. 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கிடைத்த பிறகும் திருநாள் ஜனவரி 14தான், பொங்கலோடு மோதினாலும் சரி. காலம் நெருங்க நெருங்கக் கடிதமும் பதிவேடும் கிடைக்கின்றன, தேதி தானாகவே உறுதிப்படுகிறது. பழையவர்களுக்கு அந்த வசதி இல்லாததை அவர்கள் மேல் குறையாகச் சொல்ல முடியாது.

இப்போது கிறிஸ்டோபர். 1969 பிப்ரவரி 14 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய நாள்காட்டிக்கு ஒப்புதல் கொடுத்தார். 1970 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. காரணத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லியிருந்தது: புனிதர் விழாக்கள் பெருகி மீட்பின் மறைநிகழ்ச்சிகளை மூடிவிடக் கூடாது, உலகம் முழுவதற்கும் முக்கியமானவர்களைப் பொது நாள்காட்டியில் வைத்துக்கொண்டு மற்றவர்களை அந்தந்த நாடு, மறைமாவட்டம், துறவற சபையிடம் விட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கில் கிறிஸ்டோபர் உரோமைப் பொது நாள்காட்டியிலிருந்து இறங்கினார், உள்ளூர் நாள்காட்டிகளில் கொண்டாட அனுமதி அப்படியே இருந்தது. புனிதர் பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. திருச்சபையின் அதிகாரபூர்வ மறைசாட்சியர் ஏட்டில் ஆயிரக்கணக்கான பெயர்கள் உண்டு. ஜூலை 25 பக்கத்தில் கிறிஸ்டோபர் இன்றும் இருக்கிறார். அன்றாடப் பூசை நாள்காட்டி அந்த ஏட்டிலிருந்து பொறுக்கியெடுத்த சிறு பகுதிதான்.

கிறிஸ்டோபர் இருந்தாரா என்று கேட்டால், சான்று இப்படி இருக்கிறது. குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த கதை மேற்கில் பரவலானது 13ஆம் நூற்றாண்டில்தான். வரலாறு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இன்றைய துருக்கியில், கால்செடோன் பக்கத்தில், 452இல் அவர் பெயரில் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. கற்பனைப் பாத்திரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் கல்லில் கோவில் எழுவது அபூர்வம். அந்தப் பெயரில் ஒரு வேதசாட்சி இருந்தார் என்பது மிகவும் நம்பத்தக்கது. அவரைப் பற்றி வேறு எதுவும் நம்பத்தக்கதாக இல்லை. காதலர் தினத்து வாலன்டைன் கதையும் கிட்டத்தட்ட இதேதான்: உரோமையில் ஃபிளமினியா சாலையோரம் அடக்கம் செய்யப்பட்டார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் தேறவில்லை. பிப்ரவரி 14 இன்று சிரிலுக்கும் மெத்தோடியுசுக்கும் உரியது. சிரில் இறந்தது 869இல் அதே நாளில். ஜார்ஜியாரைத் தூக்கிவிட்டார்கள் என்பதும் பொய். ஏப்ரல் 23 அவருக்கு விருப்ப நினைவாக இருக்கிறது, அதாவது கொண்டாடுவதும் விடுவதும் பூசை வைக்கும் குருவின் விருப்பம். அலெக்சாந்திரியா கத்தரீனம்மாள் 1969இல் போய், 2002இல் நவம்பர் 25க்குத் திரும்பியே வந்துவிட்டார்.

நண்பர் சொன்னதற்கு உண்மையில் நெருங்கி வருவது ஒரே ஒரு பெயர்தான், பிலோமினா. 1802இல் உரோமையின் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. குழியை மூடியிருந்த ஓடுகளில் இருந்த எழுத்துகளை முறை மாற்றி அடுக்கிப் பிலோமினா என்ற பெயரைப் படித்தார்கள். வாழ்க்கை வரலாறு என்று பரவியதெல்லாம் அதற்குப் பிறகு எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் பக்தி காட்டுத்தீயாகப் பரவியது. நம் குடும்பங்களில் பிலோமினா அத்தைகள் இவ்வளவு பேர் இருப்பதும், மைசூர்ப் பேராலயம் அவர் பெயரைத் தாங்குவதும் அந்த அலையில்தான். அவர் ஒருபோதும் உரோமைப் பொது நாள்காட்டியில் இருந்ததில்லை; சில இடங்களுக்குக் கொடுத்திருந்த ஆகஸ்ட் 11ஐ 1961இல் உரோமை எல்லா நாள்காட்டிகளிலிருந்தும் எடுத்துவிட்டது. மறைசாட்சியர் ஏட்டிலும் அவர் இல்லை. இங்கே நீக்கம் என்ற சொல் பொருந்தும். தனிப்பட்ட பக்தியை அப்போதும் யாரும் தடை செய்யவில்லை.

ஊர்த் திருவிழாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. வழிபாட்டு நாள் ஒன்று, ஊர் தேர் இழுக்கும் நாள் இன்னொன்றாக இருக்கலாம். பதுவை அந்தோணியார் 1231 ஜூன் 13 அன்று இறந்தார். நாள்காட்டியில் ஜூன் 13. ஆனால் உவரி அந்தோணியார் திருவிழா ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி வரும். கச்சத்தீவில் பிப்ரவரி, மார்ச். மே மாத விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள் என்று திருவிழாவை மேயில் வைக்கும் கிராமங்கள் ஏராளம். மக்களின் பக்திக்கு உகந்த விழாவைப் பங்கின் நன்மைக்காக வசதியான ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளத் திருவழிபாட்டு விதிகளும் இடம் கொடுக்கின்றன. இதற்கிடையில் ஜனவரி 17இல் வரும் அந்தோணியார் வேறு ஆள். அவர் எகிப்துப் பாலைவனத்து முனிவர், 356இல் இறந்தவர், நாம் வனத்து அந்தோணியார் என்போம். அன்று கோவில் முற்றத்தில் பொங்கல் வைத்து, மாடு கன்றுகளைக் கொண்டுவந்து மந்திரிப்பது அவரை முன்னிட்டு. உங்கள் ஊரில் எந்த அந்தோணியார் என்று சந்தேகம் வந்தால் சுரூபத்தைப் பாருங்கள். கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் பதுவையார். தாடியும் ஊன்றுகோலும் காலடியில் பன்றியும் இருந்தால் வனத்தார்.

தூத்துக்குடி பனிமய மாதா இன்னும் வேடிக்கை. ஆகஸ்ட் வெயிலில், பனியே விழாத ஊரில், பனி மாதாவுக்குத் திருவிழா. ஆகஸ்ட் 5 என்பது உரோமையில் புனித மரியா பேராலயம் அர்ச்சிக்கப்பட்ட நாள். அந்தக் குன்றில் கோடையில் பனி பெய்து கோவில் கட்ட இடம் காட்டியது என்ற கதை பிற்காலத்தது. 1969இல் பனி என்ற சொல்லைப் பொது நாள்காட்டியிலிருந்து எடுத்துவிட்டு ஆலய அர்ப்பணிப்பு விழா என்று மட்டும் வைத்தார்கள். அதனால் தூத்துக்குடியில் ஒன்றும் மாறவில்லை. ஜூலை 26 அன்று கொடியேறுகிறது, ஆகஸ்ட் 5 வரை பதினொரு நாளும் ஊர் திரள்கிறது. உரோமை கதையைத்தான் விட்டது, நாளை விடவில்லை. மக்கள் இரண்டையும் விடவில்லை.

ஆகவே உங்கள் வீட்டுக்கு: திருப்பலியோடு சேர்ந்து கொண்டாட வேண்டும் என்றால் ஜூலை 3. தாத்தாவின் நினைவாக டிசம்பர் 21 அன்றும் வீட்டில் ஒரு ஜெபமாலை சொல்வதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. தம்பிக்கு ஜூலை 25. அன்று கோவிலுக்குப் போனால் பீடத்தில் சிவப்பு உடை இருக்கும், மன்றாட்டு சந்தியாகப்பர் பெயரில் இருக்கும், கிறிஸ்டோபர் பெயர் காதில் விழாது; அது திருத்தூதருக்கான விழா, அதை மாற்ற முடியாது. முந்தின வாரமே பங்குத்தந்தையைப் பார்த்து அந்தப் பூசைக்குத் தம்பி பெயரில் வேண்டுதல் கருத்து எழுதிக்கொடுத்துவிடுங்கள். விசுவாசிகள் மன்றாட்டில் கிறிஸ்டோபரின் பரிந்துரையைக் கேட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னால் எந்தச் சாமியாரும் மறுக்க மாட்டார்.